ஈமான் குறைவன்று, நோய்!

ஏர்வாடியை நம்மில் அறியாதவர் இலர். அவ்வூரில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றிச் சிக்கினர். 28 உயிர்கள் பறிபோயின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குச் சங்கிலியிடுவதை அறவே தடை செய்துள்ளது. ஆயினும் கள்ளக்குறிச்சியானாலும் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையானாலும், நோயை முதலில் காணக்கூடியவர்கள் வீட்டாரே.

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரில் கண்ணொளி இழந்தார்கள். அதை ஈமான் குறைவென்று எவர் சொல்வார்? ஒருவர் இரண்டு வாரங்களுக்கு மேலாக முகம் வாடி, எதிலும் நாட்டமின்றி, பஜ்ருக்கு வெகுமுன்னரே விழித்து உறக்கமின்றிக் கிடந்து, உணவு வெறுத்து, 'என்னால் யாருக்கு என்ன பயன்' என்று புலம்பினால் அது நோயாக இருக்கலாம். நம் பெண்மணிகள் பலர் சோர்வென்று சொல்லவே மாட்டார்கள். தலைவலி, உடல்வலி என்றுதான் சொல்வார்கள்.

இருதுருவ நோயில் இதற்கு நேர்மாறான காலமும் வரும். மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பிராது, பேச்சு ஓயாது, கடன் வாங்கிப் புதுத் தொழில் தொடங்குவார், தம்மை இறைநேசர் என்றும் கூறிக்கொள்வார். 'பையன் தேறிவிட்டான்' என வீட்டார் மகிழ்வதும் உண்டு! இக்காலத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சோர்வுக்கான மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த வேகம் மேலும் பொங்கக்கூடும்.

துஆ செய்யுங்கள், ஓதிப் பாருங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். லித்தியம் உட்கொள்வோர் ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம். நோன்பில் உடல்நீர் வற்றினால் அம்மருந்து இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இத்தகையோருக்கும் உரியதே.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். மலையிலிருந்து இறங்க இயலாதோர் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எவரேனும் சாவைப் பற்றிப் பேசினால் 'ஹராம்' என்று அதட்டி வாயடைக்காதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள். தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை அன்றே வீட்டைவிட்டு அகற்றி, மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.