"லைன் நல்லாத்தான் இருக்கு, மேடம்!"

"உம்மா, மறுகா நெட் பெய்த்து!"

2023 ஒக்டோபர் முழுவதும், மஃரிப் தொழுகை முடிந்த கையோடு எங்கள் வீட்டில் கேட்ட குரல் இதுதான். மகளுக்கு ஜனவரியில் உயர்தரப் பரீட்சை. இரசாயனவியல் வகுப்பு சூம் வழியாக நடக்கும். ஆசிரியர் சமன்பாட்டை எழுதத் தொடங்குவார். படம் அப்படியே நின்றுவிடும். மீண்டும் தொடர்பு கிடைக்கும்போது பலகை துடைக்கப்பட்டிருக்கும். கட்டாரில் இருக்கும் அவளது வாப்பாவோடு பேசும்போதும் பாதியில் வெட்டுப்படும்.

முறைப்பாடு செய்தேன். இரண்டு நாள் கழித்து, நல்ல வெயில் எறிக்கும் காலை பத்து மணிக்கு ஒரு தம்பி வந்தார். கருவியை மாட்டிப் பார்த்தார். "லைன் நல்லாத்தான் இருக்கு, மேடம்" என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்த கிழமையும் அதே கதை. மூன்றாம் முறை வந்தவர், "ரவுட்டர் பழசு, புதுசு வாங்குங்க" என்றார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வாங்கினோம். அன்று மாலையும் வெட்டுப்பட்டது.

தொலைபேசிக் கம்பி வேலை செய்து ஓய்வு பெற்ற என் மாமாவிடம் சொல்லி அழாத குறை. அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க மகள். ஒரு கொப்பியில எழுதி வை."

அந்தக் கொப்பிதான் எங்கள் பிரச்சினையைத் தீர்த்தது. சகோதரிகளே, உங்களுக்கும் அது உதவக்கூடும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொப்பி சொன்ன கதை

திகதி, நேரம், ரவுட்டரில் எந்த விளக்கு அணைந்தது, மழையா வெயிலா, அந்த நேரம் தொலைபேசி அடித்ததா - இவ்வளவுதான் எழுதினேன். பதினான்கு நாளில் ஒன்பது நாள் மழை. அந்த ஒன்பது நாளும் வெட்டுப்பட்டிருந்தது. மழையில்லாத நாட்களில் ஒரு தடவைகூட இல்லை.

பிறகு மாமா சொன்னபடி, மழை பெய்யும்போது ரிசீவரைத் தூக்கி, ஓர் எண்ணை மட்டும் அழுத்தி, டயல் ஓசை நின்றதும் காது கொடுத்தேன். அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் கடுகு வெடிப்பது போன்ற இரைச்சல்!

நான்காம் முறை வந்த தம்பியிடம் கொப்பியைக் காட்டினேன். இரண்டு நிமிடம் வாசித்தார். ஏணியைச் சாத்தி, கூரை ஓரத்தில் இருந்த கம்பி இணைப்பை அவிழ்த்தார். செப்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. வெட்டி, புதிதாக இணைத்து, தண்ணீர் போகாமல் மூடினார். வேலை கால்மணி நேரம்கூட இல்லை.

வந்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

அவர்கள் பொய் சொல்லவில்லை. தொலைபேசிக் கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. இணைப்பில் ஈரம் பட்டு, களிம்பு ஏறினால் இணையச் சமிக்ஞை பலவீனமாகும். காய்ந்ததும் ஓரளவு சரியாகிவிடும். அதுமட்டுமல்ல, தொலைபேசியைத் தூக்கும்போதோ சோதிக்கும்போதோ மின்னோட்டம் பாய்ந்து, அந்தக் கெட்ட இணைப்பைச் சிறிது நேரத்துக்கு ஒட்டவைத்துவிடவும் கூடும். வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் குறைவது போலத்தான்!

அழைக்க முன் நாம் பார்க்க வேண்டியவை

1. வெட்டுப்படும்போது ரவுட்டரின் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டுகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் கம்பியில். அது நிலையாக எரிந்து, கைப்பேசியில் மட்டும் இணையம் நின்றால் வைஃபையைச் சந்தேகியுங்கள். கணினியை ரவுட்டருடன் வயரால் இணைத்துப் பாருங்கள். அதில் வெட்டுப்படாவிட்டால் கம்பியில் குறையில்லை.

2. வைஃபைதான் குறை என்றால் ரவுட்டரை அலுமாரிக்குள்ளோ குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை தடுமாறுவதுண்டு.

3. ஒரே கம்பியில் தொலைபேசியும் இணையமும் வருமானால், ஒவ்வொரு தொலைபேசிக்கும் பில்டர் எனும் சிறு பெட்டி இருக்க வேண்டும். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் இணையம் போனால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

4. நீட்டு வயர்கள் எல்லாவற்றையும் கழற்றி, வெளிக்கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் சொக்கெட்டிலேயே ரவுட்டரை நேராக மாட்டி ஒருநாள் பாருங்கள். அங்கும் வெட்டுப்பட்டால் குறை வெளியில். அதுவரை புதிய ரவுட்டருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

5. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் மின்னல் அதிகம். இடி தொடங்குமுன் கரண்ட் பிளக்கோடு தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றதன் வழியே மின்னல் புகும்.

ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்கு இந்தக் களிம்பும் இரைச்சலும் இல்லை. பெட்டியில் லொஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அந்த மெல்லிய வயரை மடிக்கவோ ஆணியில் சுற்றவோ கூடாது. அதன் முனையைக் கண்ணால் பார்க்கவும் கூடாது.

திருத்த வருபவர்களோடு

முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி எழுதி வையுங்கள். "நெட் வேலை செய்யுதில்லை" என்று சொல்லாதீர்கள். "மழை நேரத்தில் வெட்டுப்படுகிறது, ரிசீவரிலும் இரைச்சல் கேட்கிறது" என்று சொல்லுங்கள். வீட்டில் ஆண்கள் இருக்கும் நேரத்தையே கேட்டுப் பெறுங்கள். ரவுட்டரை முன் ஹோலில் வைத்தால் வருபவர் உள்ளறைகளுக்கு வரத் தேவையில்லை. வந்தவரின் அடையாள அட்டையைப் பார்ப்பது மரியாதைக் குறைவல்ல. வெயிலில் ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீரும் கொடுங்கள்.

"சரி" என்றவுடன் கையொப்பம் இடாதீர்கள். எங்கே என்ன செய்தார் என்று கேட்டுக் கொப்பியில் குறியுங்கள். அடுத்த மழை வரை பார்த்துச் சொல்வதாகக் கூறுங்கள். மீண்டும் மீண்டும் அலைக்கழித்தால், 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் அமைந்த இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அங்கும் கைகொடுப்பது திகதியிட்ட கொப்பிதான்.

மகள் இழந்த பாடங்களைத் தோழியின் கொப்பியைப் பார்த்து எழுதி முடித்தாள். வீணாய் வாங்கிய ரவுட்டரின் காசு திரும்பி வரவில்லை. என் கொப்பி இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. இப்போது அதில் குழாய்த் தண்ணீர் நின்ற நேரங்களையும் எழுதி வருகிறேன்.