ஊர்ப்பெயர்கள் உரைக்கும் செய்திகள்

தமிழர் இருவர் புதிதாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்தபடியாக அவர்கள் வினவுவது ஊரையே. கனடாவிற் பிறந்து வளரும் நம் சிறார்களும் அவ்வினாவுக்குப் பெற்றோரின் ஊர்ப்பெயரை விடையாகக் கூறப் பழகியுள்ளனர். ஆயினும் அப்பெயரின் பொருள் யாதெனக் கேட்டால், பெரியோரும் சற்றுத் தயங்குவதைக் காண்கின்றோம். ஈழத்து ஊர்ப்பெயர்கள் சிலவற்றின் பொருளையும் அவை தோன்றிய முறையையும் இக்கட்டுரையிற் சுருக்கமாக நோக்குவோம்.

ஊர்ப்பெயர் பெரும்பாலும் இரண்டு பகுதிகளை உடையது. பின்பகுதி அவ்விடம் குளமா, துறையா, வெளியா என நிலத்தின் இயல்பைக் கூறும். முன்பகுதி அதனைப் பிற இடங்களினின்றும் வேறுபடுத்தும். மாங்குளம், புளியங்குளம் ஆகிய இரண்டும் வன்னியில் உள்ள ஊர்கள். இரண்டும் குளத்தாற் பெயர் பெற்றவை. ஒன்றை மாமரமும் மற்றொன்றைப் புளியமரமும் அடையாளங் காட்டுகின்றன. ஆகவே, பெயரை ஆராயப் புகுவோர் அதன் இறுதிப் பகுதியையே முதலிற் பிரித்து நோக்குதல் நன்று.

வன்னிப் பெருநிலத்திற் குளம், மடு, மோட்டை என முடியும் பெயர்கள் மிகுதியாக இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. அங்கு மழையின் பெரும்பகுதி மாரிகாலத்து வடகீழ்ப் பருவக்காற்றினாற் கிடைப்பது. அந்நீரைத் தேக்கி வைத்தாலன்றி வேளாண்மை செய்தல் அரிது. குளம் கட்டிய இடத்தில் ஊர் எழுந்தது. குளத்தின் பெயரே ஊரின் பெயராயிற்று. யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. பெய்த மழை நிலத்தினுள் இறங்கிக் கிணற்று நீராகக் கிடைக்கும். எனினும் அங்கும் சிறு நீர்நிலைகள் ஊர்ப்பெயர்களில் இடம்பெற்றுள்ளன. கொக்குவில், கோண்டாவில், உடுவில், இணுவில் ஆகிய பெயர்களில் வரும் ‘வில்’ என்பது சிறிய நீர்நிலையைக் குறிக்கும் என்பர். கிழக்கிலே பொத்துவில், தம்பிலுவில் ஆகிய ஊர்களிலும் இதே ஈறு காணப்படுவது கருதத்தக்கது.

கடலோர மக்கள் தம் தொழிலையும் கரையின் வடிவத்தையும் பெயரில் வைத்தனர். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை என்பன மரக்கலங்கள் தங்கிய துறைகள். பாசிக்குடாவும் கல்குடாவும் கடல் உள்வளைந்த இடங்கள். கல்முனை நிலம் முன்னீண்ட இடத்தையும், மட்டக்களப்பின் ‘களப்பு’ கடனீரேரியையும் சுட்டுவன. யானைகள் நீரேரியிலே இறங்கிக் குடாநாட்டுக்குக் கடந்து சென்ற இடம் ஆனையிறவு ஆயிற்று. முல்லைத்தீவு தனித் தீவு அன்று. ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் நந்திக்கடலும் சூழ்ந்த கரையாகும். சொல்லை மட்டும் பிரித்தால் போதாது, நிலத்தையும் பார்த்தல் வேண்டும் என்பதற்கு இப்பெயர் நல்ல எடுத்துக்காட்டு.

அயலார் ஆட்சியும் பெயர்களில் தடம் பதித்துள்ளது. பருத்தித்துறை முனையைப் போர்த்துக்கேயர் ‘பாறைகளின் முனை’ எனத் தம் மொழியில் அழைத்தனர். அதுவே ஆங்கிலத்திற் ‘பொயின்ற் பீற்றோ’ எனத் திரிந்தது. பீற்றர் என்னும் மனிதருக்கும் அவ்வூருக்கும் தொடர்பில்லை. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கைற்ஸ்’ என்னும் பெயரும் கப்பற்றுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததே. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. இவையெல்லாம் வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட ‘டெல்வ்ற்’ என்னும் பெயர் மாத்திரம் ஆங்கிலத்தில் இன்றும் நிலவுகின்றது. தமிழ் மக்களின் நாவிலோ அது என்றும் நெடுந்தீவே. ஆட்சியாளர் இட்ட பெயர் ஏட்டில் இருக்கும். வாழ்வோர் வழங்கும் பெயரே நிலைக்கும்.

சில ஊர்களின் பெயர்க்காரணம் கதையாக வழங்குகின்றது. குதிரை முகத்தோடு வருந்திய இளவரசி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப்பெற்ற இடமே மா விட்ட புரம், அதாவது மாவிட்டபுரம் என்பர். யாழ் இசைத்த பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணற்றிடரே யாழ்ப்பாணம் என்பதும் அத்தகைய வரலாறு. இக்கதைகளை வரலாற்றுச் சான்றாக அப்படியே கொள்ளுதல் இயலாது. ஆயினும் தம் ஊரைப்பற்றி முன்னோர் எவ்வாறு எண்ணினர் என்பதை அவை காட்டுதலால், அவற்றைச் சிறார்க்குச் சொல்லுதல் வேண்டும். அவ்வாறே வலிகாமம், கொடிகாமம் என்பவற்றில் உள்ள ‘காமம்’ கிராமம் என்னும் சொல்லோடு உறவுடையது. சிங்களத்தில் அது ‘கம’ என வழங்கும். ஒரே தீவில் வாழ்ந்த மொழிகள் ஒன்றிலிருந்து ஒன்று சொற்களைப் பெறுதல் இயல்பே. அதனை மறைப்பதாற் பெருமை வந்துவிடாது.

நாம் வாழும் நாட்டின் பெயரும் இம்முறையிலேயே பிறந்தது. 1535ஆம் ஆண்டில் ஜாக் கார்ட்டியே என்னும் பிரெஞ்சு மாலுமிக்குப் பூர்வகுடி இளைஞர் இருவர் ‘கனாட்டா’வுக்குச் செல்லும் வழியைக் காட்டினர். அவர்தம் மொழியில் அச்சொல்லுக்கு ‘ஊர்’ என்பதே பொருள். ரொறன்ரோ என்பது ‘நீரில் மரங்கள் நிற்கும் இடம்’ என்னும் பொருளுடைய மொஹோக் சொல்லிலிருந்து வந்தது எனக் கூறுவர். மரத்தையும் நீரையும் கண்டு மருதங்கேணி எனப் பெயரிட்ட நம் முன்னோரை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

ஊர்ப்பெயர் வரைபடத்தில் உள்ளது, எளிதில் மறையாது. ஆனால் ஊருக்குள்ளே வழங்கும் சிறு பெயர்களின் நிலை அவ்வாறன்று. யாழ்ப்பாணத்திலே ஒவ்வொரு காணிக்கும் தனிப்பெயர் உண்டு. காணி உறுதியில் அது எழுதப்பட்டிருக்கும். கிணறு, ஒழுங்கை, வயல், சந்தி என்பவற்றுக்கும் பெயருண்டு. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்த பின்னரே அவர்களது நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. வேலியும் எல்லை மரமும் அழிந்த இடத்தில், இன்னது இன்னாரின் வளவு என்று காட்ட எஞ்சியிருப்பன உறுதியில் உள்ள எழுத்தும் முதியோரின் நினைவுமே. அம்முதியோர் பலர் இன்று நம்மோடு இந்நகரில் வாழ்கின்றனர். அவர்கள் மறையும்போது அப்பெயர்களும் உடன் மறையும்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, இவ்விடுமுறையில் உங்கள் பாட்டனார், பாட்டியாரிடம் ஊரின் பெயரோடு நில்லாது, வீடு நின்ற காணியின் பெயர், நீர் அள்ளிய கிணற்றின் பெயர், பள்ளிக்கு நடந்த ஒழுங்கையின் பெயர் ஆகியவற்றையும் கேட்டு, தமிழில் எழுதி வையுங்கள். ஆங்கில எழுத்தைக் கண்டு ஒலிக்காது, அவர்கள் சொல்லும் ஒலியையே பின்பற்றுங்கள். பெற்றோரும் பேழையில் உறங்கும் பழைய உறுதிகளை எடுத்துப் பிள்ளைகளோடு இருந்து படித்துக் காட்டுதல் வேண்டும். ஓர் அப்பியாசக் கொப்பியின் நான்கு பக்கங்கள் இதற்குப் போதும்.