"லைசன்ஸ் இல்லை" என்று கணனி சொன்னால் முதலில் எதைப் பார்ப்பது?

மாதக் கடைசி. கடையில் கூட்டம். கணக்கு மென்பொருள் திடீரென "லைசன்ஸ் கிடைக்கவில்லை" என்று காட்டி நின்றுவிடுகிறது. இந்த நெருக்கடியில் வர்த்தகர்கள் அவசரமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, லைசன்ஸ் முடிந்துவிட்டது என்று எண்ணி மறுபடியும் பணம் கட்ட ஆயத்தமாவது. மற்றது, யாரோ பென்டிரைவில் கொண்டுவரும் 'கிரெக்'கைப் போட்டுக்கொள்வது. இரண்டுக்கும் முன்னர் பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டிய சில விடயங்கள் உள்ளன.

பாலையூற்றில் ஒரு மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். முதலாளியின் அறையில் ஒரு கணனி, கெஷியரிடம் ஒன்று, களஞ்சியத்தில் ஒன்று. மூன்றிலும் டாலி மென்பொருள். பலர் பாவிக்கும் வகை லைசன்ஸை வாங்கினால் அது மூன்று கணனிகளிலும் தனித்தனியே இருப்பதில்லை. முதலாளியின் கணனியில், அதாவது சேர்வரில் மாத்திரமே இருக்கும். மற்ற இரண்டும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வலையமைப்பு வழியாகச் சேர்வரிடம் அனுமதி கேட்கும். களஞ்சியத்தின் திறப்பு ஒருவரிடம் இருப்பதைப் போன்றது இது. நேற்று வரை வேலை செய்தது இன்று நின்றுவிட்டால், திறப்பு தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். திறப்பு வைத்திருப்பவரிடம் போகும் பாதை அடைபட்டிருக்கலாம்.

அனுமதி கிடைக்காதபோது டாலி 'கல்வி முறை'க்கு மாறும். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய திகதிகளுக்கு மாத்திரமே பதிவுகளை இடலாம். பழைய கணக்கு அழிந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. தரவுகள் அப்படியே இருக்கும்.

இனி ஒழுங்காகப் பார்ப்போம்.

1. ஒரு கணனியா, எல்லாக் கணனியுமா?
எல்லாவற்றிலும் பிழை என்றால் சேர்வரைப் பாருங்கள். ஒன்றில் மாத்திரம் என்றால் அந்தக் கணனியின் கேபிளையும் இணைப்பையும் பாருங்கள். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

2. சேர்வர் முதலில் எழும்பியதா?
வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வந்து, கெஷியர் கணனியை முதலில் போட்டால் அது யாரிடம் அனுமதி கேட்கும்? முதலில் ரவுட்டர், அடுத்து சேர்வர், பிறகு மற்றவை. சேர்வரில் 'டாலி கேட்வே சேர்வர்' என்ற சேவை ஓடுகிறதா என்று வின்டோஸின் சேவைகள் பட்டியலில் பாருங்கள். அது தானாகவே ஆரம்பிக்கும்படி அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

3. முகவரி மாறிவிட்டதா?
எமது பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ரவுட்டர் ஒவ்வொரு கணனிக்கும் ஓர் ஐ.பி. முகவரியைக் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்ததும் நேற்று 192.168.1.5 ஆக இருந்த சேர்வர் இன்று 192.168.1.9 ஆகிவிடலாம். மற்றக் கணனிகளோ பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியது. இப்படியான நாட்டில் சேர்வருக்கு மாறாத முகவரி ஒன்றைக் கொடுத்துவிடுவதே நல்லது. சேர்வருக்கும் ரவுட்டருக்கும் ஒரு யூ.பி.எஸ். இருப்பதும் அவசியம்.

4. எல்லோரும் ஒரே வலையமைப்பிலா?
கேபிள் பழுதான நேரம் பையன் ஒருவன் கையடக்கத் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் கணனியை இணைத்திருப்பான். இன்டர்நெட் வேலை செய்யும். லைசன்ஸ் மட்டும் வராது. சேர்வரின் முகவரி 192.168.1 என்றும், அந்தக் கணனியின் முகவரி 192.168.8 என்றும் ஆரம்பித்தால் இரண்டும் வேறு வேறு வீதிகளில் நிற்கின்றன என்று அர்த்தம்.

5. போர்ட் மூடியிருக்கிறதா?
கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வந்தால் மாத்திரம் போதாது. எந்த இறங்குதுறையில் கட்டுவது என்றும் தெரிய வேண்டும். போர்ட் இலக்கம் என்பது அந்த இறங்குதுறைதான். டாலி லைசன்ஸ் சேவை வழமையாக 9999 என்ற போர்ட்டைப் பாவிக்கிறது. புதிய ரவுட்டர் மாட்டினாலோ புதிய அன்டிவைரஸ் போட்டாலோ வின்டோஸ் பயர்வோல் அதை மூடிவிடக்கூடும். அதற்காகப் பயர்வோலை முற்றாக நிறுத்தி வைக்காதீர்கள். அந்த ஒரு போர்ட்டை மாத்திரம், கடைக்குள்ளே மாத்திரம் திறக்கச் சொல்லுங்கள்.

6. திகதி சரியா?
பழைய கணனியின் தாய்ப்பலகையில் உள்ள சிறிய பற்றரி செத்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் திகதி பல வருடங்கள் பின்னே போய்விடும். திகதி பொருந்தாவிட்டால் லைசன்ஸை மென்பொருள் ஏற்க மறுக்கலாம். பற்றரியை மாற்றினால் விடயம் முடிந்தது.

வின்டோஸ் சேர்வரில் பலர் ரிமோட் டெஸ்க்டொப் வழியாக வேலை செய்யும் இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அதற்குத் தனி லைசன்ஸ் தேவை. 120 நாள் சலுகைக் காலம் எல்லாம் சரியாக ஓடும். 121 ஆம் நாள் யாரும் உள்ளே போக முடியாது. இங்கே பாதையில் பழுது இல்லை. வாங்க வேண்டியதை வாங்கவில்லை, அல்லது வாங்கியதைச் சேர்வரில் பதியவில்லை. கிண்ணியாவில் கிளை வைத்திருப்பவர்கள், அங்கிருந்து சேர்வருக்கு வர 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்துவிடவும் கூடாது. தரவுகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்பவர்கள் தேடித் திரிவது அந்த வாசலைத்தான். வி.பி.என். இணைப்பு மூலமே வர வேண்டும்.

கணனியை மாற்றுவதற்கோ 'போர்மட்' செய்வதற்கோ முன்னர் டாலி லைசன்ஸை அதிலிருந்து ஒப்படைத்துவிட்டு, புதியதில் மறுபடி செயற்படுத்துங்கள். மறந்தால் வீண் அலைச்சல்.

கடைசியாகக் 'கிரெக்' பற்றி. பூட்டை உடைத்துத் தருபவர், வீட்டுக்குள் வேறு எதை வைத்துவிட்டுப் போகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கடன் கொப்பி முழுவதும் அந்தக் கணனியில்தான் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, உரிமை மீறிய மென்பொருள் என்று தெரிந்துகொண்டே வியாபாரத்துக்குப் பாவிப்பதும் குற்றம். ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம், ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பணம் கொடுத்து லைசன்ஸ் வாங்கியவர், ஒரு கேபிள் கழன்றதற்காக இந்த ஆபத்துக்குள் போக வேண்டுமா?

ஒரு கொப்பியில் சேர்வரின் முகவரி, லைசன்ஸ் தொடர் இலக்கம், பதிவு செய்த மின்னஞ்சல், போர்ட் இலக்கம் ஆகியவற்றை எழுதிக் காசுப் பெட்டியோடு வையுங்கள். அடுத்த முறை பிழை வரும்போது, திருத்த வருபவர் ஊகிக்க வேண்டியதில்லை. நீங்களும் அவரது ஊகத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.