பேஸ் கிட்டார் வாங்கும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், போட்டோக்களைச் சேமித்து வைக்கிறோம். இந்த மாதம் அதற்குச் சற்று வேறு மாதிரியான வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். பழைய எலக்ட்ரிக் பேஸ் கிட்டார் ஒன்றை நீங்கள் விலை பேசிக் கொண்டிருக்கிறீர்களா? அல்லது வீட்டுப் பிள்ளை அப்படி ஒன்றை வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறானா? அந்த கிட்டாரின் பிக்கப் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துவிடலாம். கூடவே ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும்.

நான் இசைக் கலைஞன் அல்ல. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். என் அக்கா மகன் பேஸ் வாசிக்கிறான். அவன் மூலமாக அவன் நண்பர்களின் கிட்டார்களும் என் மேஜைக்கு வரத் தொடங்கின. "பிக்கப் போயிடுச்சு மாமா" என்று சொல்லிக் கொண்டு வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் பிக்கப் நன்றாகவே இருந்தது. கேபிள், ஜாக், வால்யூம் கன்ட்ரோல், பேட்டரி ஆகியவற்றில்தான் கோளாறு. இதைத் தெரிந்து கொள்ளாமல் புதிய பிக்கப் வாங்குவது, மவுஸ் ஒயர் அறுந்ததற்கு மதர்போர்டு மாற்றுவதைப் போன்றது.

பிக்கப் என்பது என்ன?

காந்தத்தைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே இருக்கும் கிட்டார் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் சிறிய மின் சைகை உண்டாகிறது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்ற மாடலை வெளியிட்டது. 1957-ல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் இரண்டு கம்பிகளைக் கவனிக்கும்படி மாற்றினார்கள். 1960-ல் இரண்டு நீளமான பிக்கப்கள் கொண்ட ஜாஸ் பேஸ் வந்தது. இன்று கடைகளில் பார்க்கும் பல பிராண்டு கிட்டார்களில் இருப்பது இந்த இரண்டு வகை பிக்கப்களின் நகல்தான். எனவே உங்கள் முன் இருப்பது எந்த வகை என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள். சோதனை அதைப் பொறுத்து மாறும்.

கம்ப்யூட்டருடன் இணைப்பது

கிட்டாரின் ஜாக் 6.35 மி.மீ. அளவு. லேப்டாப்பில் இருப்பது 3.5 மி.மீ. கன்வர்ட்டர் பின் வாங்கி மைக் துவாரத்தில் சொருகினால் சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் மங்கலாக, கம்பளி போர்த்தியது போல வரும். பிக்கப்பிலிருந்து வரும் சைகைக்கு ஒரு மெகா ஓம் அளவுக்கு உயர்ந்த இன்புட் தேவை. மைக் துவாரத்தில் சில கிலோ ஓம்தான் இருக்கும். அந்தச் சத்தத்தை வைத்து கிட்டாரை எடை போட்டால் நல்ல கிட்டாரும் மோசமாகத் தோன்றும். இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அவுட்புட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கம்ப்யூட்டரில் இணைக்காதீர்கள். சவுண்ட் பகுதி கருகிவிடும்.

இன்னொன்று, ஹெட்போன் அவசியம். பேஸின் தடித்த கம்பியான ஈ, திறந்த நிலையில் 41 ஹெர்ட்ஸ் தருகிறது. அடுத்தவை 55, 73, 98. லேப்டாப் ஸ்பீக்கரால் இவ்வளவு கீழே இறங்க முடியாது. இளையராஜா பாடல்களின் பேஸை லேப்டாப்பில் மட்டுமே கேட்டவர்கள், நல்ல ஹெட்போனில் ஒரு முறை கேட்டால் இது புரியும்.

சோதனை

ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். கிட்டாரின் எல்லாக் கன்ட்ரோல்களையும் முழுதாகத் திருப்பி, ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள். பத்து விநாடி எதுவும் வாசிக்க வேண்டாம். பிறகு நான்கு கம்பிகளையும் ஒரே அழுத்தத்தில் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். திரையில் நான்கு அலைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தால் நல்லது. பிரிசிஷன் வகையில் அடுத்தடுத்த இரண்டு கம்பிகள் மட்டும் மிகவும் சிறுத்துத் தெரிந்தால், பிக்கப்பின் ஒரு பாதி மிகவும் கீழே இறங்கியிருக்கலாம். ஸ்குரூவைத் திருப்பி உயர்த்திப் பாருங்கள். உயர்த்தியும் மாறவில்லை என்றால் அந்தப் பாதியில் ஷார்ட் இருக்கலாம்.

அந்த மௌனமான பத்து விநாடியைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். அதை மட்டும் செலக்ட் செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்திடுங்கள். சைஸ் என்பதில் 16384 கொடுங்கள். 50 ஹெர்ட்ஸிலும் 100, 150 ஹெர்ட்ஸிலும் முகடுகள் தெரிந்தால் அது கிட்டாரின் குரல் அல்ல, நம் வீட்டு மின்சாரம். ஒற்றைச் சுருள் பிக்கப் இதைக் கொஞ்சம் வாங்கத்தான் செய்யும். கிட்டாரோடு மெல்லத் திரும்பி உட்காருங்கள்; சத்தம் கூடிக் குறைந்தால், அருகிலுள்ள சார்ஜரோ டிரான்ஸ்ஃபார்மரோதான் காரணம். (ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். அதனோடு இந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் சேர்ந்தால் விநாடிக்கு ஒரு முறை அலை அலையாகக் கேட்கும். அதையும் பிக்கப் கோளாறு என்று கொண்டு வந்தார் ஒருவர்.)

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? கிரவுண்ட் இணைப்பு சரியாக இருக்கிறது. கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, ஆனால் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் ஒயர் விட்டுப் போயிருக்கிறது. ஒரு சால்டரிங் வேலை, அவ்வளவுதான். ஜாஸ் வகையில் இரண்டு வால்யூமையும் முழுதாக வைத்தால் இரைச்சல் அடங்க வேண்டும்; இரண்டு பிக்கப்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதே காரணம். இரண்டையும் முழுதாக வைக்கும்போது சத்தம் மெலிந்து, அடித்தளமே காணாமல் போனால், யாரோ பிக்கப் மாற்றும்போது ஒயர்களைத் திருப்பி இணைத்திருக்கிறார்கள்.

சத்தமே வராவிட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். முதலில் கேபிளைச் சோதித்துவிடுங்கள். பிறகு கேபிளின் ஒரு முனையை கிட்டாரில் சொருகி, மறுமுனையின் நுனியிலும் அடிப்பாகத்திலும் மீட்டரை வைத்து 20 கிலோ ஓம் நிலையில் பாருங்கள். பிரிசிஷன் வகை ஏறத்தாழ 10, 11 கிலோ ஓம் காட்டும். ஜாஸ் வகையில் ஒரு பிக்கப் 7, 8 காட்டும்; இரண்டையும் சேர்த்து வைத்தால் அதில் பாதிதான் வரும், பயப்பட வேண்டாம். 9 வோல்ட் பேட்டரி உள்ள ஆக்டிவ் கிட்டாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே முதலில் புது பேட்டரி போடுங்கள். வாசிக்காத நேரத்தில் கேபிளைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக் கொண்டே இருக்கும்.

லேப்டாப்புக்கு ஒரு பேஸ்

என் அக்கா மகன் ஒரு கல்லூரி மாணவரிடம் பேசி முடித்த பேரம் இது. இவனுடைய பழைய லேப்டாப், மேலே 3,000 ரூபாய். பதிலுக்கு பிரிசிஷன் வகை பேஸ். பிக்கப் செத்துவிட்டதால்தான் இவ்வளவு மலிவு என்று அந்தத் தம்பி முதலிலேயே சொல்லியிருந்தார். அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். ஜாக்கில் மீட்டர் எதுவும் காட்டவில்லை. அவரிடம் கேட்டுக் கொண்டு மூடியைத் திறந்து, பிக்கப் ஒயர்கள் வால்யூம் கன்ட்ரோலில் சேரும் இடத்தில் வைத்தேன். 10.3 கிலோ ஓம். ஜாக்கின் பின்னால் ஒரு ஒயர் அறுந்து தொங்கிக் கொண்டிருந்தது.

அந்த நேரம் அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தார். "மாமா, இப்ப சொல்லாதீங்க, முடிச்சுட்டுப் போயிடலாம்" என்று இவன் காதைக் கடித்தான். அவனுக்கு அந்த மிச்சம் பெரிய தொகை. அவருக்கும் அப்படித்தான்; ப்ராஜெக்ட் செய்ய லேப்டாப் இல்லாமல்தான் கிட்டாரையே கொடுக்கிறார். அவர் வந்ததும் மீட்டரைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்து 5,000 கேட்டார். இவன் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு 4,500 கொடுத்தான். அறுந்த ஒயரைப் பற்றவைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிக்கப் உண்மையிலேயே போயிருந்தால், அதாவது அதன் சொந்த ஒயர்களிலேயே மீட்டர் எதுவும் காட்டாவிட்டால், அந்தச் செலவைக் கணக்கிட்டு விலை பேசுங்கள். செய்மோர் டங்கன், டிமார்சியோ போன்ற நிறுவனங்களின் பிக்கப்கள் சில சமயம் மலிவு கிட்டாரின் விலையையே தொட்டுவிடும். ஜாஸ் வகைக்கு வாங்குமுன் ஸ்கேலால் அளந்து கொள்ளுங்கள். பல கிட்டார்களில் கழுத்துப் பக்கப் பிக்கப் சற்றுக் குட்டையாகவும், பிரிட்ஜ் பக்கத்தது சற்று நீளமாகவும் இருக்கும். சிலவற்றில் இரண்டும் ஒரே அளவு. தலையில் ஒட்டியிருக்கும் பெயரையும் சீரியல் எண்ணையும் மட்டும் நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம். இரண்டையும் போலியாகச் செய்துவிட முடியும்.

இப்படி லேப்டாப்பை மாற்றாகக் கொடுப்பவர்கள், கொடுப்பதற்கு முன் ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸ் செட்டிங்ஸில் ரீசெட் திஸ் பிசி என்பதைத் தேர்வு செய்திடுங்கள். ரிமூவ் எவ்ரிதிங் கொடுத்து, டிரைவைச் சுத்தம் செய்யும் வாய்ப்பையும் ஆன் செய்யுங்கள். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். எனவே முதல் நாள் இரவே சார்ஜரைச் சொருகித் தொடங்கிவிடுங்கள்.