சந்தா முறையில் மென்பொருள்: விற்போர் கணக்கும் சங்கத்தின் கணக்கும்

கணக்கு எழுதுவதற்கான மென்பொருளை ஒரே தடவையில் விலைகொடுத்து வாங்குவதா, அல்லது மாதந்தோறும் சந்தா செலுத்தி இணையத்தின் வழியே பயன்படுத்துவதா என்ற கேள்வி இன்று சிறிய கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் முன்பும் வந்து நிற்கின்றது. விற்பனைக்கு வருவோர் சந்தா முறையின் சௌகரியங்களையே எடுத்துரைக்கின்றனர். அங்கத்தினர்களில் சிலரோ, “வாடகை வீட்டில் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் வீடு நமக்குச் சொந்தமாகுமா?” என்று வினவுகின்றனர். இரு வாதங்களிலும் உண்மை உண்டு. இவ்வியாபாரம் எவ்விதம் நடைபெறுகின்றது, விற்பவருக்கு ஆதாயம் யாது, வாங்கும் சங்கத்திற்கு ஆதாயம் யாது, எவ்விடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பவற்றை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

முறை வந்த வழி

பிறருடைய கணக்கு வேலையைக் கட்டணம் பெற்றுச் செய்துகொடுக்கும் தொழில் புதிதன்று. அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்துப் பாட்டர்சன் நகரில் 1949-ஆம் ஆண்டில் ஹென்றி டாப் என்பவர் தொடங்கிய ஸ்தாபனம், பல கம்பெனிகளின் சம்பளப் பட்டியல்களைத் தயாரித்துக் கொடுத்து ஊதியம் பெற்றது. ஏ.டி.பி. என்ற பெயரில் அது இன்றும் நடைபெற்று வருகின்றது.

அக்காலத்தில் மென்பொருளுக்கு எனத் தனி விலை இருந்ததில்லை. பெரிய கணினியை வாங்குவோருக்கும் வாடகைக்கு எடுப்போருக்கும் அது உடன் வழங்கப்பட்டது. 1969-இல் ஐ.பி.எம். கம்பெனி மென்பொருளுக்குத் தனியே விலை வைக்க முடிவு செய்தது. பின்னர் மேசைக் கணினிகள் பெருகியபோது, பெட்டியில் அடைத்த சரக்காகவே மென்பொருள் கடைகளில் விற்பனையாயிற்று.

1999-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றிய சேல்ஸ்போர்ஸ் என்ற கம்பெனி வேறு வழியை மேற்கொண்டது. வாடிக்கைக்காரர்களைப் பற்றிய விவரங்களையும் விற்பனைக் குறிப்புகளையும் பேணுவதற்குரிய மென்பொருளைத் தன் கணினிகளிலேயே வைத்துக்கொண்டு, இணையத்தின் வழியாக அதைப் பயன்படுத்துவோரிடம் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வசூலித்தது. 2006-இல் அமேசான் கம்பெனி, கணினித் திறனையும் சேமிப்பிடத்தையும் உபயோகித்த அளவுக்கேற்ப வாடகைக்கு விடத் தொடங்கியது. அதன்பின், பெருமூலதனம் இல்லாதவர்களும் இத்தொழிலில் இறங்க இயன்றது. சென்னையில் 2010-இல் தோன்றிய பிரெஷ்வொர்க்ஸ் கம்பெனி இவ்வழியில் வளர்ந்து, 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது.

பொதுச் சாயப்பட்டறை போன்றது

இம்முறையில் செலவு குறைவது எங்ஙனம்? நெசவாளர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் சாயத் தொட்டியும் கொப்பரையும் அமைத்தால் எவ்வளவு வீண்செலவு நேரும் என்பதை நாம் அறிவோம். பொதுச் சாயப்பட்டறை ஒன்று இருந்தால் அச்செலவு பலருக்கும் பகிர்ந்துபோகும். அவரவர் நூல் அவரவர்க்கே உரியது. தொட்டி மட்டும் பொது. சந்தா மென்பொருளும் அத்தகையதே. ஒரே மென்பொருளை ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்துகின்றனர். அவரவர் கணக்கு தனித்தனியே காக்கப்படுகின்றது. பிழை ஒன்று திருத்தப்பட்டால் அனைவருக்கும் ஒரே நாளில் திருந்திவிடும். வரி விகிதம் மாறினால் ஊர் ஊராக ஆள் அனுப்பி மாற்றவேண்டிய அவசியமில்லை.

விற்பவர் கணக்கு

விற்பவருக்கு வரவு மாதந்தோறும் வரும் என்பது மட்டும் லாபமாகாது. ஓர் உதாரணம் கூறுவோம். இதில் வரும் தொகைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒரு வாடிக்கைக்காரரைச் சேர்க்க விளம்பரம், பயணம், பயிற்சி ஆகியவற்றிற்கு ரூ. 10,000 செலவாகின்றது. மாதச் சந்தா ரூ. 1,000, அவருக்குச் சேவை நடத்த மாதச் செலவு ரூ. 300. மாதத்திற்கு ரூ. 700 மிஞ்சுகின்றது. ஆகவே, போட்ட முதல் திரும்புவது 15-ஆம் மாதத்தில்தான்.

நூறு பேரில் மாதத்திற்கு 2 பேர் விலகினால், ஒருவர் சராசரியாக 50 மாதங்கள் நிலைத்திருப்பார், அவரால் ரூ. 35,000 மிஞ்சும். மாதத்திற்கு 5 பேர் விலகினால் சராசரி 20 மாதங்கள், மிஞ்சுவது ரூ. 14,000. மாதத்திற்கு 10 பேர் விலகினாலோ சராசரி 10 மாதங்களே, ரூ. 7,000 வந்து சேரும். போட்ட ரூ. 10,000 கூடத் திரும்பாது. அந்நிலையில் வாடிக்கை பெருகப் பெருக நஷ்டமே பெருகும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலனாகின்றது. பெட்டியில் விற்றவருக்கு விற்பனையோடு லாபம் கைவந்துவிடுகின்றது. சந்தாவுக்கு விற்பவரின் லாபமோ வாடிக்கைக்காரர் நிலைத்திருப்பதில்தான் அடங்கியுள்ளது. நிலைத்திருக்கச் செய்ய இரு வழிகள் உண்டு. சேவையை நன்கு நடத்துவது ஒன்று. விலகிச் செல்வதைக் கடினமாக்குவது மற்றொன்று. எவ்வழியை விற்பவர் கைக்கொள்கின்றார் என்பதே வாங்குவோர் ஆராயவேண்டிய விஷயம்.

அடோபி கம்பெனியின் மாற்றம்

படங்களையும் அச்சுப் பக்கங்களையும் வடிவமைப்பதற்கான மென்பொருள்களை விற்றுவந்த அடோபி கம்பெனி, இனிப் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கே தருவதென 2013 மே மாதத்தில் அறிவித்தது. அதுவரை அதன் முழுத் தொகுதியின் விலை 2,599 டாலர். புதிய சந்தா ஆண்டு ஒப்பந்தத்தில் மாதத்திற்கு ஏறத்தாழ 50 டாலர். பழைய விலைக்குச் சுமார் 52 மாதங்கள் சந்தா கட்டலாம். எனினும், ஒரு முறை வாங்கி எட்டு, பத்து ஆண்டுகள் வைத்து வேலை செய்தவர்களுக்கு இம்மாற்றம் பாரமாகவே தோன்றியது. ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டனர்.

கம்பெனிக்கும் தொடக்கத்தில் இழப்புத்தான். முழு விலை ஒரே நாளில் வருவது நின்று, சிறு தொகைகள் மாதந்தோறும் வரலாயின. 2012 நிதியாண்டில் ஏறத்தாழ 440 கோடி டாலராக இருந்த வருமானம் 2013-இல் 406 கோடியாகக் குறைந்தது. நிகர லாபம் 83 கோடியிலிருந்து 29 கோடிக்கு இறங்கியது. பின்னர் சந்தாதாரர்கள் பெருகவே, 2015-இல் வருமானம் ஏறத்தாழ 480 கோடியாயிற்று. இடைப்பட்ட பள்ளத்தைத் தாண்டக் கைம்முதல் இருந்தமையால் அக்கம்பெனி நிலைத்தது. கைம்முதல் இல்லாத சிறு விற்பனையாளர் அப்பள்ளத்திலேயே விழக்கூடும். ஆதலால், விற்பவருடைய பொருள்நிலையையும் வாங்குவோர் அறிந்துகொள்வது அவசியம்.

சங்கத்தின் கணக்கு

இனி, நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். இதுவும் உதாரணத் தொகையே. மென்பொருளின் விலை ரூ. 60,000, அதற்கெனத் தனிக் கணினியும் மின்தடைக் காலத்துப் பேட்டரியும் ரூ. 40,000, ஆண்டுப் பராமரிப்பு ரூ. 12,000. ஐந்தாண்டில் மொத்தச் செலவு ரூ. 1,60,000. சந்தா முறையில் மாதம் ரூ. 2,500 வீதம் ஐந்தாண்டுக்கு ரூ. 1,50,000. முதலாண்டின் கைச்செலவோ முன்னதில் ரூ. 1,12,000, பின்னதில் ரூ. 30,000. நூல் கொள்முதலுக்கும் விளைபொருள் கொள்முதலுக்கும் பணம் தேவைப்படும் சங்கத்திற்கு இவ்வேறுபாடு பெரிது. மென்பொருள் பொருந்தாது எனத் தெரிந்து முதலாண்டிலேயே கைவிட்டாலும் சந்தா முறையில் நஷ்டம் குறைவு.

ஆனால் சந்தா ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்து வீதம் உயர்ந்தால், அதே ஐந்தாண்டுச் செலவு ரூ. 1,83,153 ஆகிவிடும். முன்பு மலிவாக இருந்தது இப்பொழுது அதிகமாகின்றது. சந்தா உயராமல் இருந்தாலுங்கூட, பத்தாண்டுக்கு ரூ. 3,00,000 ஆகும். விலைக்கு வாங்கியதில், இடையே ஒருமுறை கணினியை மாற்றினாலும் ரூ. 2,60,000 தான். ஆகவே, எம்முறை லாபம் என்பதற்கு ஒரே விடை இல்லை. எத்தனை ஆண்டுகள் பயன்படுத்துவோம், கட்டணம் எவ்வளவு உயரலாம் என்னும் இரண்டே விடையை நிர்ணயிக்கின்றன. அறுவடைக்குப் பின்னரே வரவு வரும் உழவர் சங்கங்கள், சந்தாவை ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ செலுத்த ஏற்பாடு கேட்பது நலம்.

கதவு பூட்டப்பட்டால்?

பணக்கணக்கினும் பெரிதாகிய ஒன்று உண்டு. பேரேடு நம் அலமாரியில் இருந்தால் சாவி நம்மிடம் இருக்கும். சந்தா முறையில் ஏடுகள் பிறர் இடத்தில் இருக்கின்றன.

2013 செப்டம்பரில் அமெரிக்காவின் நிர்வானிக்ஸ் என்ற சேமிப்புக் கம்பெனி தொழிலை மூடியபோது, தம் தரவுகளை எடுத்துச் செல்ல வாடிக்கைக்காரர்களுக்கு முதலில் அளித்த அவகாசம் இரண்டு வாரம் மட்டுமே. 2024 ஜூலை மாத இறுதியில், நம் நாட்டுக் கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராமிய வங்கிகளுக்கும் மென்பொருள் சேவை அளித்துவந்த சி-எட்ஜ் என்ற ஸ்தாபனம், தரவுகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் விஷமிகளின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. பிற வங்கிகளுக்கு அது பரவாதிருக்கத் தேசியப் பட்டுவாடாக் கழகம் அதன் தொடர்பைத் துண்டிக்கவே, ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றம் பாதிக்கப்பட்டது. ஆகஸ்டு 1-ஆம் நாள் தொடர்பு மீண்டது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைகளை அடுத்து, நயாரா என்ற எண்ணெய் கம்பெனிக்கு மைக்ரோசாப்ட் தன் சேவையைச் சில நாட்கள் நிறுத்தியது. சந்தா கட்டியிருந்தும், தன் தரவுகளுக்காக அக்கம்பெனி தில்லி உயர் நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. பின்னர் சேவை மீண்டது.

இவற்றைக் கூறுவது அச்சமூட்டுவதற்காக அன்று. சங்க அலுவலகத்துக் கணினியும் பழுதடையலாம், நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் இரையாகலாம். பல சமயங்களில் சேவையாளரிடத்தில் கணக்குக் கூடுதல் பாதுகாப்புடன் இருக்கும். ஆனால் ஓரிடத்தை மட்டும் நம்பியிருத்தல் எம்முறையிலும் ஆபத்தே.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை

சந்தா ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் நிர்வாகக் குழு கீழ்க்கண்டவற்றை எழுத்து மூலம் பெறுதல் வேண்டும்.

1. கணக்கு விவரங்கள் யாவும் சங்கத்தின் சொத்து என்ற உறுதி. அங்கத்தினர் பேரேடு, பங்குத்தொகை, கூலி, இருப்பு, பாக்கி ஆகியவற்றைப் பிற மென்பொருளும் படிக்கக்கூடிய வடிவில், கேட்டபொழுது தனிக்கட்டணமின்றித் தரவேண்டும்.

2. கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவுக்கு மேல் உயராது என்ற வரம்பு.

3. சேவையை நிறுத்துவதாயின் எத்தனை மாத முன்னறிவிப்பு, அதன்பின் ஏடுகள் எத்தனை நாள் காக்கப்படும் என்ற விவரம்.

4. சந்தா பாக்கி நேர்ந்தால் எழுதும் வசதியை நிறுத்தலாம். பழைய கணக்கைப் பார்க்கும் வசதியை நிறுத்தலாகாது என்ற நிபந்தனை.

இவற்றோடு, மாதக் கணக்கு முடிந்தவுடன் ஒரு பிரதியைச் சங்கத்தின் சொந்தச் சேமிப்பில் எடுத்துவைப்பது கணக்கரின் வழக்கமான கடமையாதல் வேண்டும். இணையம் நின்ற நாளில் கூலிப் பட்டுவாடா தடைப்படாதிருக்க ரசீதுப் புத்தகமும் கைவசம் இருக்கட்டும்.

தனிச் சங்கம் ஒன்று இந்நிபந்தனைகளைக் கேட்டால் பெரிய விற்பனையாளர் செவிசாய்ப்பது அரிது. ஐம்பது சங்கங்கள் சேர்ந்து கேட்டால் நிலைமை வேறு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐ ஒரே பொது மென்பொருளின்கீழ்க் கொண்டுவரும் திட்டத்திற்கு 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ரூ. 2,516 கோடி மதிப்பில் ஒப்புதல் அளித்ததற்கும், கூட்டாகச் செய்வதன் சிக்கனம் ஒரு காரணமாகும். நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களும் தம்முள் கலந்து, ஒரே ஒப்பந்த வாசகத்தைத் தயாரித்து விற்பனையாளரிடம் வைக்கலாம்.

விலக இயலும் வாடிக்கைக்காரரிடத்தில்தான் விற்பவர் நல்ல சேவையைப் பேணுவார். ஆதலின், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மென்பொருள் பற்றிய தீர்மானம் வருமாயின், மாதச் சந்தா எவ்வளவு என்று கேட்குமுன், நம் ஏடுகளுடன் வெளியேற எத்தனை நாள் ஆகும், என்ன செலவாகும் என்று கேட்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.