தராசு காட்டும் தசமம்

சந்தையில் 2¼ கிலோ வெங்காயம் கேட்டால், மின்னியல் தராசு 2.25 எனக் காட்ட வேண்டும். கலப்புப் பின்னத்தைத் தசமமாக மாற்றும்போது முழு எண் மாறுவதில்லை. பின்னத்தின் தொகுதியைப் பகுதியால் வகுக்க வேண்டும். 1ஐ 4ஆல் வகுத்தால் 0.25 கிடைக்கும், அதனை 2உடன் கூட்டினால் 2.25 ஆகும். இதனை 2.14 எனத் தவறாக எண்ணுபவர், 110 கிராம் குறைவாகப் பெற்றாலும் அறியமாட்டார்.

முன்னோர் அரைக்கால் என்று வழங்கிய ⅛, தசமத்தில் 0.125 ஆகும். இங்கு வகுத்தல் மீதியின்றி முடிகிறது. ஆனால், எல்லாப் பின்னங்களும் இவ்வாறு முடிவதில்லை. ⅓ஐ மாற்றினால் 0.333... என 3 முடிவின்றித் தொடரும். எனவே, 10 ரிங்கிட்டை மூவர் ஆளுக்கு 3.33 ரிங்கிட்டாகப் பகிர்ந்தால் 1 சென் எஞ்சும். துல்லியம் தேவைப்படும் கணக்குகளில் இறுதிவரை பின்னத்தையே பயன்படுத்தி, விடையை மட்டும் தசமமாக மாற்றுவது சிறந்தது.