கழிவெண்ணெய்: சேகரிப்பும் அகற்றமும்

மும்பை நகரையும் நவி மும்பையையும் பிரிக்கும் தாணே உப்பங்கழியின் கீழ்க்கரையில் அமைந்தது வாஷி. சரக்கு லாரிகள் ஓயாது வந்து போகும் மொத்த வியாபாரச் சந்தையும், அதனை அடுத்து நீளும் தொழிற்பேட்டையும் இங்கு உள. கழியின் சேற்றுப் படுகைக்கு ஆண்டுதோறும் பூநாரைகள் திரளாக வருகின்றன. 2015இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பழுதுபார்க்கும் பட்டறையில் எஞ்சினிலிருந்து வடித்த கரிய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினால், அது மழைநீருடன் சேருமிடம் இக்கழியே.

எஞ்சினில் ஓடும் எண்ணெய் அழுக்கடைகிறதேயன்றி அழிந்து போவதில்லை. உலோகத் துகள், கரி, எரிபொருள், நீர் ஆகியன அதில் கலக்கின்றன. வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து இவற்றை நீக்கினால், அடிப்படை எண்ணெய் மீண்டும் கிடைக்கும்.

பட்டறைத் தொழிலாளர் ‘வேஸ்ட் ஆயில்’ என்று ஒரே பெயரால் வழங்குவதை விதிகள் இரண்டாகப் பிரிக்கின்றன. எஞ்சின், கியர், டர்பைன் முதலியவற்றிலிருந்து வடிக்கப்பட்டு மீண்டும் சுத்திகரிக்கத் தக்கது ‘பயன்படுத்திய எண்ணெய்’. சிந்திய கச்சா எண்ணெய், தொட்டியின் அடிவண்டல், கப்பற்கழிவு போன்றவை ‘கழிவெண்ணெய்’. வரையறுத்த தரத்தில் இருந்தால் இவை உலைக்கு எரிபொருளாகலாம். முன்னதில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்கையும், ஆர்சனிக் 5 பங்கையும் மிகலாகாது. பழைய டிரான்ஸ்பார்மர்கள் சிலவற்றில் காணப்படும் பி.சி.பி. என்னும் நச்சுப்பொருளோ 2 பங்குக்கும் குறைவாகவே இருத்தல் வேண்டும். ஆகவே, இன்ன எண்ணெய் எவ்வகை என்பது ஆய்வுக்கூடத்திற்குச் செல்லுமுன்பே பட்டறைப் பீப்பாயில் முடிவாகிவிடுகிறது. நல்ல எஞ்சின் எண்ணெயுடன் பெயிண்ட் தின்னரையோ டிரான்ஸ்பார்மர் எண்ணெயையோ ஊற்றினால், பீப்பாய் முழுவதுமே மீட்புக்கு உதவாமற் போகக்கூடும்.

பெயரை மாற்றியதால் விளைந்த கேட்டிற்கு வாஷிக்குத் தெற்கேயுள்ள நவா சேவா துறைமுகமே சான்று. மசகெண்ணெய் என்று கூறி வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட சரக்கு, சோதனையில் அபாயகரமான கழிவெண்ணெய் எனத் தெரிந்தது. 133 கொள்கலன்கள் துறைமுகத்திலேயே தேங்கின. அவற்றை எரித்தழிக்குமாறும், செலவை இறக்குமதி செய்தோரே ஏற்குமாறும் உச்ச நீதிமன்றம் 2005 ஜனவரி 5ஆம் நாள் ஆணையிட்டது.

2016ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் தேக்கி வைத்தலாகாது. அனுமதி பெற்றவரிடமே, உரிய போக்குவரத்துச் சீட்டுடன், ஒப்படைத்தல் வேண்டும். 2023இல் செய்யப்பட்ட திருத்தம், 2024 ஏப்ரல் 1 முதல், எண்ணெயை உற்பத்தி செய்வோரையும் இறக்குமதி செய்வோரையும் மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்கியது.

ஆயினும் அனுமதியற்ற வியாபாரி பட்டறை வாசலுக்கே வந்து ரொக்கம் கொடுக்கிறார். சுத்திகரிப்புச் செலவு அவருக்கு இல்லை. அவர் வாங்கும் எண்ணெய் சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும், புகைபோக்கி இல்லாத அடுப்பில் எரிக்கவும் போகிறது; எரியும்போது அதிலுள்ள உலோகங்கள் புகையோடு காற்றில் கலக்கின்றன. களப்பணியாளர் பட்டறைக்குச் செல்லுங்கால் முதலில் கேட்க வேண்டியது, சென்ற முறை நிறைந்த பீப்பாய் யாரிடம் சென்றது, அதற்குச் சீட்டு உண்டா என்பதே.